எட்டு வருஷத்துக் கோலாப்பூர்

"குத்தவாளி இதுக்குள்ளதான் இருக்கான்" என்று சொல்லி, உள்ளங்கையில் அடங்கும் வீடியோ டேப் ஒன்றை மேஜைமேல் வைத்தார் சுந்தரராமன்.

பாண்டி பஜார் மாடியில் பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் காஸ்பர் டேப்பைத் தொடாமல் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "போலீஸ் கேஸ்னா நமக்கு வேணாம் சார். கல்யாணம், காதுகுத்துன்னு ஓட்டிக்கினு கீறேன்."

"கல்யாண கேஸ்தான்" என்றார் சுந்தரராமன். முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். தோரணை இன்னும் போகவில்லை.

தொண்ணூற்றொன்றில் மயிலாப்பூரில் அவர் பெண் ஹம்சினிக்குக் கல்யாணம். அதற்கென்றே ஆசை ஆசையாய் வாங்கிய கோலாப்பூர் செருப்பை மண்டப வாசலில் கழற்றி விட்டிருந்தார். தாலி கட்டி முடித்து வந்து பார்த்தால் காணோம். அன்று காலையில் சம்பந்தி வெங்கடரமணன், "பிரமாதமான செருப்பு" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். போதாதா? எட்டு வருஷமாகத் திருவான்மியூரில் சம்பந்தி வீட்டுப் படி ஏறவில்லை சுந்தரராமன். பெண் வாழ்கிற வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு ரோஷம்.

அடுத்த வாரம் பேரன் ஷ்ரவணுக்குப் பூணூல். "ஒண்ணு நிரூபி, இல்லேன்னா பேசாம வந்து சேரு. நீ வராம பூணூல் நடந்தா, அப்புறம் எனக்கு அப்பாவே இல்லேன்னு வச்சுக்கறேன்" என்று ஹம்சினி போனில் அழுதுவிட்டாள். மனுஷனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் பேசாமல் போவதைவிட நிரூபிப்பதுதான் அவருக்குச் சுலபமாகப் பட்டது.

கல்யாண வீடியோக்காரர் எடுத்த கேசட் உதவாது. அதில் எல்லாரையும் இதய வடிவத்துக்குள் அடைத்து, மேலே ரோஜாப்பூவாகக் கொட்டியிருந்தார். இந்தச் சின்ன டேப், அமெரிக்காவிலிருந்து வந்த மருமான் எடுத்தது. போட்டுப் பார்க்க வழியில்லாமல் பீரோவிலேயே கிடந்தது.

குற்றம் சாட்டப்பட்டவரும் வந்து உட்கார்ந்திருந்தார். சுந்தரராமனே முத்திரைத்தாளில் டைப் அடித்த ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. செருப்பை எடுத்தவர் யாரென்று டேப்பில் தெரிகிறதோ, அவர் பூணூல் சபையில் எல்லார் எதிரிலும் குனிந்து, மற்றவர் காலில் புதுச் செருப்பு மாட்டிவிட வேண்டும்.

ஏசி அறையிலும் வெங்கடரமணனுக்கு வியர்த்தது.

"ஏன் சம்பந்தி வேர்க்கறது?"

"எட்டு வருஷமா நீங்க சொல்லிச் சொல்லி, எடுத்திருப்பேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடுத்து."

டேப் ஓடியது. மண்டப வாசல், செருப்புக் குவியல்.

"நிறுத்துப்பா. பெரிசாக்கு."

மண்டபக் கூட்டத்தில் மாறிப் போகாமலிருக்க மனைவி விசாலாக்ஷி வைத்த சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு, கோலாப்பூரின் பட்டையில் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்திலேயே அதைப் பார்த்தபடி வெங்கடரமணன்.

"பாத்தேளா, கண்ணாலயே எடை போடறதை" என்றார் சுந்தரராமன்.

அடுத்த விநாடி, மயில்கண் வேஷ்டி ஒன்று குறுக்கே வந்தது. ஒரு கை நீண்டு, கோலாப்பூரை லபக்கென்று தூக்கியது. முகம் தெரியவில்லை.

"நானும் அன்னிக்கு மயில்கண்தான் கட்டிண்டிருந்தேன்" என்றார் வெங்கடரமணன் ஈனசுரத்தில்.

சுந்தரராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஓட விடுப்பா. மூஞ்சி வரட்டும்."

கேமரா திரும்பியது. காசி யாத்திரைக்குக் குடையும் தடியுமாக மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பெண் வீட்டார் வாங்கி வைத்த செருப்பு சின்னதாகி, குதிகால் வெளியே பிதுங்கியது. "முகூர்த்த நாழி ஆயிண்டிருக்கு. ஏதாவது ஒண்ணைப் போட்டுவிடுங்கோ" என்று வாத்தியார் அவசரப்படுத்தினார். மயில்கண் வேஷ்டிக்காரர் குனிந்து, அந்தக் கோலாப்பூரை மாப்பிள்ளையின் காலில் பயபக்தியோடு மாட்டிவிட்டார். பிறகு நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், இது நீங்கதானே?" என்றான் காஸ்பர்.

வெங்கடரமணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முத்திரைத்தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எனக்கு ஒன்பதாம் நம்பர், சம்பந்தி."