ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். அப்படி வந்து சேர்ந்தது, காட்டுப்பன்றி விரட்டும் ஓர் ஒற்றைக் குழல் துப்பாக்கி. அதை, ஏதோ ஒரு வீட்டிலிருந்து பறிமுதல் செய்து வந்த ராணுவ ரகத் தானியங்கித் துப்பாக்கிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்கள்.

"நீயும் சுடுகிறாய், நானும் சுடுகிறேன். உனக்கு லைசென்ஸ், எனக்கு மட்டும் தடையா? நமக்குள் அப்படி என்ன வித்தியாசம்?" என்று பொருமியது தானியங்கி.

"அதுதான் எனக்கும் புரியவில்லை" என்றது மூலையில் கிடந்த லத்தி.

ஒற்றைக் குழல் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னது. "போன வருஷம் ஒரு வரப்புத் தகராறு. என் முதலாளி சடையப்பன் ஆத்திரத்தில் சொந்தத் தம்பியையே சுட்டுவிட்டார். குறி தவறிப் பனைமரத்தில் பட்டது. என்னிடம் இருப்பது ஒரே தோட்டா. என்னை மடக்கி, காலித் தோட்டாவை உருவி, மடியைத் துழாவி இன்னொன்றை எடுப்பதற்குள், தம்பி மகள் 'பெரியப்பா' என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் வயலுக்கு அவருக்குச் சோறு கொண்டு வருவது அவள்தான்."



"உன் வீட்டில் என்ன தகராறு?" என்று தானியங்கியிடம் லத்தி கேட்டது.

"அதுவும் அண்ணன் தம்பிதான்."

"யாரும் ஓடி வரவில்லையா?"

"வந்தார்கள். எல்லோருமே ஓடி வந்தார்கள்" என்றது தானியங்கி. "விசையிலிருந்து அவன் விரலை எடுப்பதற்குள் முப்பது தோட்டாவும் தீர்ந்துவிட்டது."