இருபத்தைந்தாம் நம்பருக்கு ஓய்வு

பத்தே நிமிடத்தில் எட்டு அணி முதலாளிகளும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பேனா மக்கர் செய்த ஒருவர், பக்கத்தில் இருந்தவருடைய பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போட்டார்.

கூட்ட அறையின் கடைசி நாற்காலியில் இருந்த கண்டக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இதே ஆட்கள்தான் ஆறு வருடம் அவளை அலையாய் அலைய விட்டவர்கள். "பார்க்கலாம்", "அடுத்த சீசன்", "விதியில இடமில்லை" என்று ஆளுக்கொரு சாக்கு. அவளும் சளைக்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கையோடு மனுவையும் நீட்டி, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அக்கா போட்ட இருபத்தைந்தாம் நம்பரை இனி லீக்கின் எந்த அணியிலும் யாரும் போடக் கூடாது. அது அக்காவுக்கே சொந்தமாக இருக்க வேண்டும்.

பெண்கள் கால்பந்து லீக்கில் கால் வைத்த முதல் அக்கரைக்காரி அந்த அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம், சாம்பல் மேட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஊர் வைத்த பெயர் அக்கரைக்காரர்கள். அவர்கள் தொட்ட பந்தைக் கழுவிவிட்டு ஆடிய காலம் அது. அந்தக் காலத்திலேயே பதினோரு சீசன் ஆடியவள், இரண்டு வருடத்துக்கு முன்னால், "என்னை எல்லாரும் மறந்துடுவாங்கடி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

லீக் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அணிக்கு இருபத்துநாலு ஜெர்சியோட இருந்த லீக்கை, இருபத்தஞ்சாவதா ஒண்ணு தைக்க வெச்சவங்க அவங்க. அந்த ஜெர்சிக்கு ஓய்வு குடுக்கறோம். தீர்மானம் இன்னிக்கே அமலுக்கு வருது."

எல்லோரும் கை தட்டினார்கள். கண்டக்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போன மாதம் வரை வாட்ச்மேனைத் தாண்டவிடாத தலைவர், தானே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே நடையில் மகள் காத்திருந்தாள். அவளும் ஓர் அணியில் இருபத்தைந்துதான். எட்டு அணியிலும் அணிக்கொரு அக்கரைப் பெண் இருந்தாள், எட்டுப் பேருக்கும் அதே நம்பர்தான். கேட்டால், "உங்க அக்கா ஞாபகமாத்தான்" என்பார்கள், கண்டக்டரம்மாவுக்கு மனசு நிறைந்துபோகும். ஒன்பதாவதாக ஒருத்தி உள்ளே போகவேண்டுமென்றால் எட்டில் ஒருத்திக்குக் கால் முறிய வேண்டும் என்று அக்கரையில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒருமனதாடி! ஒருத்தர்கூட எதிர்த்து வாயைத் தொறக்கலை. பெரியம்மா ஜெயிச்சுட்டா!"

மகள் சிரிக்கவில்லை. "இவங்களா? பத்து நிமிஷத்துலயா? எதுக்கும்மா?"

"நல்லது நடந்தாக்கூட உனக்குச் சந்தேகம். ஒரு நாளாவது சந்தோஷமா இருக்க விடேன்."

அதட்டினாளே தவிர, அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கத்தான் செய்தது. நல்ல செய்தி என்றாலே அக்கரையில் பயம்தான். அங்கே அது வந்து பழக்கமில்லை.

"சரி, எனக்கு இனிமே என்ன நம்பர்?"

"எதுவா இருந்தா என்ன? கீழ ஸ்டோர்ல கேட்டு வாங்கிக்கலாம் வா."

மகளுக்குப் பந்தை விட்டால் வேறு வாழ்க்கை கிடையாது. இருந்தால் சாம்பல் சலிக்கிற கொட்டகை இருக்கிறது. பதினாறு வயதிலிருந்து அங்கே மூன்று வருடம் சலித்து வாங்கிவந்த இருமல், லீக்கில் சேர்ந்த பிறகுதான் நின்றது. இன்னும் ஐந்தாறு சீசன் ஓடிவிட்டால் போதும், எங்காவது பயிற்சியாளராகவாவது ஒட்டிக்கொள்வாள் என்பதுதான் தாயின் கணக்கு.

எட்டு அணிக்கும் ஜெர்சி கொடுக்கும் ஸ்டோர், கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஸ்டோர்காரர் அக்காவோடு பழகியவர், நல்ல மனுஷன். வழக்கமாக ஆளைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப்போடுகிறவர், இன்று போனைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"அண்ணா, விஷயம் தெரியுமா?" என்றாள் கண்டக்டரம்மா.

"இப்பதான் மேலேருந்து சொன்னாங்கம்மா."

"அப்போ இவளுக்கு ஒரு நல்ல நம்பரா பார்த்துக் குடுங்க. ஏழு கெடைக்குமா?"

"ஏழுக்கு ஆள் இருக்கும்மா. ஒண்ணுலேர்ந்து இருபத்துநாலு வரைக்கும் எல்லாத்துக்குமே ஆள் இருக்கு."

"அதனால என்ன? இருபத்தாறு குடுங்க. புது நம்பர், புது ராசி!"

ஸ்டோர்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு மகளின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"எதுக்குண்ணா அட்டை? நம்பர் மாத்தி எழுதவா?"

"அக்கரைக்காரங்களுக்குன்னு லீக்ல இருந்ததே அந்த ஒரு நம்பர்தானேம்மா."