புகுந்த வீடு

மலாக்காவில் அன்று கல்யாண நாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தலை இழுத்துப் பின்னிவிட்டுக்கொண்டே சுவீ நியோ புத்தி சொன்னாள்.

"போற எடத்துல விடிஞ்சப்புறமும் தூங்காதே. மாமியார் வைக்கிற சம்பல்ல குறை சொல்லாதே. கோவிச்சுக்கிட்டு இங்க வந்து நிக்காதே."

"சரிம்மா. இந்தப் பின்னலை மட்டும் வெட்டிடட்டுமா? ஆபீஸ்ல வெள்ளைக்காரத் துரை வாலுன்னு கேலி பண்றாரு."

"நீ என்ன துரை வீட்டுக்கா வீட்டோட மாப்பிள்ளையாப் போறே? சீனர் வீட்டுக்குத்தானேடா போறே? பின்னல் இல்லாதவனைப் படியேத்த மாட்டாங்க."

கிம் செங்கின் முகம் தொங்கிப்போனது. அப்பா அவன் தோளைத் தட்டினார்.

"தைரியமாப் போடா. முப்பது வருஷம் முன்னாடி எங்கம்மாவும் இப்படிப் பின்னிவிட்டுத்தான் என்னை இந்த வீட்டுக்கு அனுப்பினாங்க. நான் உயிரோடதானே இருக்கேன்?"

சுவீ நியோ திரும்பிப் பார்த்தாள்.

"சந்தோஷமாவும் இருக்கேன்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.