ப்ரூச் எந்தப் பக்கம்?

"நிறுத்துங்க! ப்ரூச் தப்பு!"

வேறு யார், டாக்டர் பெவிங்டன்தான். எங்கள் படத்தின் சரித்திர ஆலோசகர். பெரிய படிப்பு, அதைவிடப் பெரிய வாய்.

யார்க்‌ஷயரில் ஒரு பழைய மாளிகையை அரண்மனையாக்கி, ஒரு ராணியின் கடைசிக் காலத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். 'ஒவ்வொரு பொத்தானும் உண்மை' என்று போஸ்டரிலேயே போட்டாகிவிட்டது. அதனால் ஆலோசகர் நிறுத்தச் சொன்னால் டைரக்டரே நிறுத்தியாக வேண்டும். ஒப்பந்தம் அப்படி.

"இப்ப என்ன டாக்டர்?" டைரக்டர் டங்கன் பல்லைக் கடித்தார்.

"ப்ரூச் வலது தோள்ல இருக்கணும். இடதுல குத்தியிருக்காங்க. அநியாயம்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடை, நகை, தோளில் குத்தும் இந்த அலங்கார ஊசி எல்லாம் என் பொறுப்பு.

"நேத்து நீங்கதானே சார் இடதுன்னு சொன்னீங்க?"

"அது காலை விருந்து, க்வெண்டா. இது சாயங்காலம். சூரியன் சாய்ஞ்சா ப்ரூச் பக்கம் மாறும்."

"ப்ரூச்சா, சூரியகாந்திப் பூவா?"

செட்டே சிரித்தது. மனுஷன் சட்டை செய்யவில்லை. நான் போவதற்குள் அவரே விறுவிறுவென்று போய், ராணிமேல் குனிந்து, ஏதோ முணுமுணுத்தபடி கழற்றி மாட்டி, தள்ளி நின்று அழகு வேறு பார்த்தார். என் வேலையில் எவனாவது கைவைத்தால் எனக்குப் பொறுக்காது.

ராணியாக நடித்தவர் ஹனோரா மேடம். எழுபத்தெட்டு வயது. போன படத்தில் வசனம் மறந்துபோகிறார் என்று பாதியில் தூக்கிவிட்டார்களாம். இங்கேயும் தடுமாறினால் வேறு நடிகை தயார் என்று தயாரிப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் மேடம் ஒரு வரிகூடத் தப்பவிடவில்லை. பேசிக்கொண்டே வருவார், நடுவில் கம்பீரமாக ஒரு இடைவெளி விடுவார் பாருங்கள், உடம்பே சிலிர்க்கும். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த டாக்டர் குறுக்கே விழுவார்.

ஒரு நாள், டீக்கோப்பையின் பிடி கிழக்கே பார்க்கவில்லையாம். இன்னொரு நாள் நாய்.

"நிறுத்துங்க! நாய் கொட்டாவி விடுது!"

"நாய்னா விடத்தானே சார் செய்யும்?"

"துக்க மாசத்துல அரண்மனை நாய் விடாது."

நாயை விட்டுவிட்டு மேடத்தின் காலரைச் சரிசெய்யப் போனார்.

அவ்வளவுதான். நேராக டங்கனிடம் போனேன். "ஒண்ணு அந்தாளு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

தயாரிப்பாளரும் இதற்காகவே காத்திருந்த மாதிரி தலையாட்டினார். மதியம் டீயோடு சேர்த்து டாக்டருக்கு விடையும் கொடுத்தாயிற்று.

"மரணப் படுக்கைக் காட்சி வரைக்குமாவது இருக்கேனே. சம்பளமே வேணாம்," என்று கெஞ்சினார் மனுஷன்.

"ப்ரூச்சை நாங்க பார்த்துக்கிறோம். நீங்க கிளம்புங்க," என்றேன் நான்.

மழையில் குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அப்பாடா என்றிருந்தது.

அவர் போன கையோடு மரணப் படுக்கைக் காட்சி. ராணி மகனிடம் பேசும் நீளமான வசனம்.

"மகனே, இந்தக் கிரீடம்..." என்று ஆரம்பித்தார் மேடம். கம்பீரமான இடைவெளி.

இடைவெளி நீண்டது. நாய் நிம்மதியாகக் கொட்டாவி விட்டு முடித்தது. நிறுத்தச் சொல்ல யாருமில்லை. தயாரிப்பாளர் மானிட்டரிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார்.

மேடத்தின் கண்கள் யாரையோ தேடின. விரல்கள் ப்ரூச்சைத் தடவின. கழன்றுவிட்டதோ என்று பதறி நான் ஓடிப்போய்க் குனிந்தேன்.

ப்ரூச் குத்தினது குத்தினபடி அப்படியே இருந்தது. மேடம் என் கையைப் பிடித்து இழுத்தார். காதோடு கேட்டார்.

"அவர் எங்கேம்மா? எப்பவும் குனிஞ்சு அடுத்த வரியைச் சொல்லுவாரே..."



"க்வெண்டா! அங்க என்ன பண்றே?" டங்கன் கத்தினார்.

நிமிர்ந்தேன்.

"நிறுத்துங்க! ப்ரூச் தப்பு!"

"ஐயோ, உனக்கும் பிடிச்சிருச்சா? சரி, சீக்கிரம் மாத்து."

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது சார். பஸ் வர்றதுக்குள்ள டாக்டரைக் கூட்டிட்டு வாங்க!"