மூன்று தடவை

"காலியா கீது அத்த" என்றேன்.

முயலின் வயிற்றுக்கடியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன். என் மாமியார் சொக்கம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். இது மூன்றாவது தடவை. ஆணோடு மூன்று தடவை சேர்த்தும் சினை பிடிக்காத பெண் கறிக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

சேர்த்த பதினைந்தாம் நாள் வயிற்றை மெல்ல அழுத்தினால், குட்டிகள் கோலிக்குண்டு மாதிரி விரலில் உருளும். சர்க்கரை வந்ததிலிருந்து அத்தைக்கு விரல் மரத்துப்போய்விட்டது. ஆணோடு சேர்ப்பதும் நான்தான், தடவிப் பார்ப்பதும் நான்தான். நான் எத்தனை என்று சொல்கிறேனோ அத்தனை குட்டி விழும். ஊரில் முயல் வைத்திருப்பவர்கள் எல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"நாயித்துக்கெயம அண்ணன் வூட்ல வராங்க, இத்தையே போட்டுட்லாம். சும்மா துன்னுட்டு எப்டி கொயுத்துப் போயி கீது பாரு" என்றாள் அத்தை.

அப்போது அவள் முயலைப் பார்க்கவில்லை.

அத்தையின் அண்ணன் வீட்டார் மாகறலிலிருந்து கறி சாப்பிட மட்டும் வரவில்லை. அண்ணன் மகள் கீர்த்தியை என் புருஷன் ஜெகனுக்குக் கொடுப்பது பற்றிப் பேச வருகிறார்கள். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். செங்கல்பட்டில் எடுத்த என் ரிப்போர்ட் எல்லாம் பீரோவில் இருக்கிறது. ஒன்றிலும் ஒரு குறையும் இல்லை. நீயும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாரேன் என்று ஜெகனிடம் சொன்னேன். சோற்றுத் தட்டு பறந்துபோய்ச் சுவரில் விழுந்தது.

பேச்சு முடிந்துவிட்டால் நான் ஐயங்கார்குளத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அம்மா வீடு என்பது பேச்சுக்கு. அம்மா போய் நாலு வருஷமாகிறது. இப்போது அது அண்ணி வீடு.

எங்கள் ஆண் முயல் தை மாதம் வந்தது. வெள்ளை வெளேரென்று, பார்க்க ராஜா. அது வந்த பிறகு இரண்டு பெண்கள் மூன்று மூன்று தடவை தவறிக் குழம்பாகிவிட்டன. அந்த ராஜாவைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குத்தான் முதல் கீரை, அதற்குத்தான் நிழல் விழுகிற கூண்டு.

கறிக்கு வளர்ப்பதற்குப் பெயர் வைக்கக் கூடாது. நான் இந்தப் பெண் முயலுக்கு வைத்திருந்தேன். என்ன பெயர் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு காது மட்டும் சாம்பல் நிறம். முருங்கைக் கீரை நீட்டினால் முதலில் என் விரலை நக்கிவிட்டுத்தான் கீரையைத் தொடும். கொஞ்ச நாள் முன்பு காதில் சொறி வந்தபோது, மருந்து போடக் கூடையில் வைத்து சோபியா வீட்டுக்குத் தூக்கிப் போனேன். அவளும் முயல் வளர்க்கிறவள். வழியெல்லாம் கூடைக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

கீர்த்தியின் அம்மா செல்லம்மாள் தோட்டத்துப் பக்கம் வந்து, சின்ன வெங்காயத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெகன் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு மாமாவோடு பேசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை மாதிரி புதுச் சட்டை.

முயலைக் கூண்டிலிருந்து எடுத்தேன். வழக்கம்போல விரலை நக்கியது. கீரை இல்லை என்று தெரிந்தும் இன்னொரு தடவை நக்கியது.

பின்னங்கால்களை நான் பிடித்துக்கொண்டேன். அத்தை கட்டையால் காதுக்குப் பின்னால் ஒரே அடி. அது சத்தமே போடவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று நினைத்திருப்பார்கள்.

அத்தை தோலை உரித்தாள். வயிற்றைக் கீறினாள். கத்தி நின்றுவிட்டது.

உள்ளே ஏழு. ஒவ்வொன்றும் கட்டை விரல் நீளம். முடி முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை. கால்கள் மட்டும் முழுசாக இருந்தன.

"அடிப் பாவிங்களா, சென மொசலயா அடிச்சீங்க?" செல்லம்மாள் எழுந்துவிட்டாள்.

அத்தை என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். ஆனால் கெட்டிக்காரி. அடுத்த நொடியே சிரித்துக்கொண்டு செல்லம்மாள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா அண்ணி? எங்க வூட்டு ஆம்பள மொசலு லேட்டானாலும் வேலையக் காமிச்சிட்ச்சி."

என்னை இந்த ஊரில் வாயில்லாப் பூச்சி என்பார்கள். அன்றைக்கு மரத்தடி வரை கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இது நம்ம மொசலுது இல்ல அத்த. மூணாந்தபா நம்ம ஆம்பள மொசலாண்ட விடவே இல்ல. சோபியா வூட்டு மொசலாண்ட வுட்டேன். ஒரே தபாதான்."

ஜெகனின் பேச்சு பாதியில் நின்றது.

செல்லம்மாள் வெங்காயத் தட்டைக் கீழே வைத்தாள். சந்தையில் மாடு பார்ப்பதுபோல் ஜெகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் கையைக் கழுவிக்கொண்டு, மாகறலுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அவர்கள் சாப்பிடாமலேயே போன பிறகும் அத்தை அறுத்த முயல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஏழையும் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஒன் வெரலு எப்டிடி தப்பிச்சி?" என்றாள் கடைசியில்.

நான் குழம்புக்கு மசாலா அரைக்கப் போய்விட்டேன்.

என் விரல் ஒரு நாளும் தப்பியதில்லை. காலியாக இருக்கிறது என்று நான் சொன்ன அன்றைக்கும், ஏழு என்று அது சரியாகத்தான் எண்ணியிருந்தது.