சேர்வருக்குக் காவல்

குருநகரில் டினேசின் வீட்டில் எல்லோருடைய கோப்புகளையும் சேமித்து வைத்திருந்த சேர்வர் கணினி அந்தக் கிழமை மூன்றாவது தடவையாக நின்றுபோனது. மனைவி ஜெயனி அதன்வழியாகத்தான் சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்து வந்தாள். பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

“டிஸ்க் நிரம்பிப்போச்சு. எல்லாம் உம்மடை வீடியோக்களாலைதான்,” என்றான் டினேஸ்.

“அது பிள்ளையளின்ரை பாடமெல்லேயப்பா?”

“பாடமோ கூத்தோ, இண்டைக்கு அழிக்கவேணும்.”

ஜெயனி இரண்டு வருடப் பாடங்களை அழித்தாள். கூத்தென்றது தனக்குத்தான் என்று டினேசின் தாய் அருமைநாயகிக்கு விளங்கிவிட்டது. காலமான கணவர் கூத்தில் ராசா வேசம் கட்டி ஆடிய ஒரேயொரு பதிவை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவரும் அழித்தார். டினேஸ் பரீட்சை மண்டப மேற்பார்வையாளரைப்போல இருவருக்கும் பின்னால் நின்றான்.

அடுத்தநாள் காலை சேர்வர் மறுபடியும் நின்றது.

“ஆரோ இன்னும் ஒளிச்சு வைச்சிருக்கிறியள்!” என்று டினேஸ் கத்தினான்.

ஜெயனி கணினியின் முன்னால் அமர்ந்து தேடினாள். டிஸ்க்கில் முக்கால்வாசியை ஒரேயொரு கோப்புறை அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இலட்சக்கணக்கான படங்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘கவனம், டிஸ்க் நிரம்பப்போகிறது!’

டிஸ்க்கைக் காவல்காக்கவென்று டினேஸ் தானே எழுதிய புரோகிராம், செக்கனுக்கொரு எச்சரிக்கையைப் படமெடுத்து அதே டிஸ்க்கில் சேமித்திருந்தது.

“இதை அழிக்கட்டே?” என்று ஜெயனி கேட்டாள்.

டினேஸ் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

“பொறும், பொறும்! முதல்லை ஒரு கொப்பி எடுத்து வைப்பம்.”