கேப்டனின் புது ஷூ

“மறுபடியும் சங்கிலி கழண்டுடுச்சா?” என்று நோர்பர்ட் கத்தினார்.

எங்கள் சைக்கிள் கிளப் வரிசையில் கடைசியாக வந்த வீர்லா, அதற்குள் ஷெல்ட ஆற்றங்கரையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். “மன்னிச்சுக்கங்க. அஞ்சே நிமிஷம்.”

“காலையிலேருந்து இது மூணாவது தடவை! கெண்ட் ஊருக்குத் திரும்பிப் போறதுக்குள்ள எனக்கு அறுபது வயசாயிடும்.”

“உனக்கு ஆகி ரொம்ப நாளாச்சேய்யா!” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். “புதுசா சேர்ந்த பொண்ணு. விடு, நான் போய்ப் பார்க்கிறேன்.”

“கேப்டன்னா இப்படி இருக்கணும்,” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் சங்கிலியைப் பார்க்கப் போகவில்லை.

விஷயம் என் காலில் இருந்தது. பந்தயக்காரர்கள் போடுகிற புது ஷூ. அடிப்பாகம் மரக்கட்டை மாதிரி. பெடலில் ‘டிக்’கென்று மாட்டிக்கொள்ளும். “தூரமாப் போனா கால் வீங்கும், ஒரு சைஸ் பெரிசா எடுங்க சார்,” என்று கடைக்காரி தலைபாடாக அடித்துக்கொண்டாள். “கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே என் சைஸ் நாற்பத்திரண்டு,” என்று சொல்லி வாங்கி வந்த மேதாவி நான். இப்போது பெருவிரலுக்குக் கீழே நெருப்பு. சுண்டுவிரல் இருக்கிறதா, வழியில் எங்கேயாவது விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், கிளம்பும்போது ஒரு பிரசங்கம் வேறு செய்திருந்தேன். “கால் வலிக்குதுங்கறதெல்லாம் வெறும் மனப்பிரமை!”

வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லலாம்தான். ஆனால் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கேப்டன் கையில் சிவப்புப் பட்டை கட்டியிருப்பார். மற்றவர்களுக்காகக் கூட்டத்தை நிறுத்தலாம். தனக்காக நிறுத்தினால் பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த அடுத்தவர் நோர்பர்ட். அவரிடம் கொடுப்பதைவிட ஒற்றைக் காலில் ஓட்டியே வீடு போய்ச் சேருவேன்.

ஆகவே வீர்லா பக்கத்தில் குந்தி, சங்கிலியை ஆராய்வதுபோல் ஷூ வாரைத் தளர்த்தினேன். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அவள் அவசரமே படாமல் ஒவ்வொரு பல்லாகச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாள். சரியான மந்தம் என்று நினைத்தேன். மகராசி, இன்னும் கொஞ்சம் மந்தமாக இரேன் என்றும் நினைத்தேன்.

ஊருக்குள் நுழைவதற்குள் இன்னொரு தடவையும் கழன்றது.

ஒருவழியாக பீர்க்கடை வாசலில் உட்கார்ந்தோம். பீரும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன. எல்லாரும் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினார்கள். நான் கழற்றவில்லை. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

வீர்லா கை கழுவ உள்ளே போனதும் நோர்பர்ட் ஆரம்பித்தார். “இனிமே இவ நம்மகூட வேண்டாம். மெதுவாப் போற கூட்டத்துக்கு அனுப்பிடலாம். சரின்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

பாவம், எங்களோடு ஓட்டுவதற்காக ஒரு வருஷம் காத்திருந்தவள். ஆனால் அவளுக்காகப் பேசினால், “நீ ஏன்யா ஒவ்வொரு தடவையும் அவ பக்கத்துல போய் உட்கார்ந்தே?” என்று கிளறுவார்கள்.

“அவ நல்லதுக்குத்தான்,” என்று சொல்லி, முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். மற்றவர்களும் தூக்கினார்கள்.

அப்போதுதான் வீர்லா வெளியே வந்தாள். கையில் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய ஐஸ் வாளி. அதை மேஜைக்கு அடியில் என் பக்கம் தள்ளிவிட்டு, என் காதருகே குனிந்தாள்.

“காலை இதுல வைங்க, கேப்டன். காலையில கருங்கல் ரோட்டுலயே நீங்க கோணக்கோண மிதிக்கிறதைப் பார்த்துட்டேன். அடுத்த வாரம் பெரிய ஷூவா வாங்கிடுங்க. நல்லா இருக்கிற சங்கிலியைக் கழட்டிக் கழட்டி என் நகமெல்லாம் போச்சு.”

நிமிர்ந்தவள் எங்களைப் பார்த்தாள். “எதுக்கு எல்லாரும் கையைத் தூக்கியிருக்கீங்க?”

தூக்கிய என் கையில்தான் அந்தச் சிவப்புப் பட்டை இருந்தது. அதைக் கழற்றி நோர்பர்ட்டிடம் நீட்டினேன்.

“இந்தாய்யா. இன்னிக்கு நாம நின்னதெல்லாம் என் காலுக்காகத்தான், அவ சங்கிலிக்காக இல்லை. பட்டை சுலபமா வந்துடுச்சு. இந்த ஷூவைக் கழட்டத்தான் ரெண்டு பேர் வரணும்.”